இடைநின்றவர் கணக்கு

ஜூலை மாதத்தில் ஒரு நாள் காலை எட்டு மணிக்கு ஓமலூர்ப் பேருந்து நிலையத்தில் நின்று பாருங்கள். காடையாம்பட்டி, தொளசம்பட்டி, தீவட்டிப்பட்டி என்று சுற்றுவட்டாரத்து ஊர்களிலிருந்து வந்த பிள்ளைகள், புதுப் பையும் புதுக் குறிப்பேடுமாகச் சேலம் செல்லும் பேருந்துக்குக் காத்திருப்பார்கள். தறி ஓடும் வீட்டுப் பிள்ளைகளும் மரவள்ளி பயிரிடும் வீட்டுப் பிள்ளைகளும் அவர்களில் இருப்பார்கள். பலர் தம் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதிக்கும் முதல் ஆள்.

பொங்கல் விடுமுறை கழிந்தபின் அதே இடத்தில் நின்று, அதே முகங்களைத் தேடுங்கள். சில முகங்கள் இரா. ஒருவன் தறிக்குப் போயிருப்பான். ஒருத்திக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கும். இன்னொருவன் திருப்பூருக்கோ ஓசூருக்கோ வேலை தேடிப் போயிருப்பான். ஏன் நின்றார்கள் என்று கேட்டால், ஊர் சொல்லும் விடை பெரும்பாலும் ஒன்றே: "படிப்பு ஏறவில்லை."

இந்த விடை சரிதானா? கல்லூரிப் படிப்பு பாதியில் நிற்பது மாணவனின் மூளையைப் பொறுத்ததா, வீட்டின் வறுமையைப் பொறுத்ததா, அல்லது கல்லூரியையே பொறுத்ததா? உலகெங்கும் கல்வியாளர்கள் இக்கேள்வியை நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறார்கள். அந்த ஆராய்ச்சி எப்படி வளர்ந்தது, அதில் நாம் படிக்கத்தக்க நூல்கள் எவை என்பதை இக்கட்டுரையில் காண்போம். தொடங்குவதற்கு நம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது.

தோற்றுப்போன ஒரு மாணவர்

1887 டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. கும்பகோணத்தில் வளர்ந்த அச்சிறுவன் அங்குள்ள நகர உயர்நிலைப் பள்ளியில் கணக்கில் முதல்வனாக விளங்கினான். 1904இல் பரிசும் பெற்று, உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்தான். ஒரே ஆண்டில் அந்த உதவித்தொகை பறிபோயிற்று. கணக்கு தவிர்த்த மற்றப் பாடங்களில் அவன் தேறவில்லை. 1905இல் யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனான். மறு ஆண்டு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தான். உடல்நலம் குன்றியது. எஃப்.ஏ. என்று அப்போது வழங்கிய தேர்வில் 1906ஆம் ஆண்டின் இறுதியிலும் 1907இலும் தோற்றான். அத்துடன் கல்லூரிப் படிப்பு முடிந்துவிட்டது.

அந்த மாணவர்தாம் பின்னாளில் உலகம் போற்றிய கணித மேதை சீனிவாச இராமானுஜன்.

அவர் கதையை நாம் பெரும்பாலும் மேதைமையின் கதையாகவே சொல்கிறோம். அதைக் கல்லூரிப் பதிவேட்டின் பக்கமிருந்து படித்தால் வேறொரு பாடம் கிடைக்கும். "படிப்பு ஏறவில்லை" என்ற விடை இராமானுஜனுக்குப் பொருந்தாது என்பதை எவரும் ஒப்புவர். அப்படியானால் அவரை வெளியே தள்ளியது எது? எல்லாப் பாடங்களிலும் ஒருசேரத் தேற வேண்டும் என்ற விதி ஒன்று. ஆண்டு இறுதியில் ஒரே தேர்வு. அதற்கு முன் மாணவனின் தடுமாற்றத்தைக் கண்டுகொள்ள வழியில்லை என்பது மற்றொன்று. மூன்றாவது, உதவித்தொகையின் நடைமுறை. ஏழை மாணவன் தடுமாறும்போதுதான் உதவி மிகுதியாகத் தேவை. அந்நேரத்தில்தான் அது நிறுத்தப்பட்டது.

பிறகு அவரைத் தாங்கிப் பிடித்தவை கல்லூரிக்கு வெளியே இருந்து வந்தன. இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய இராமசாமி ஐயரின் அறிமுகம், நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் அளித்த மாத உதவி, 1912இல் சென்னைத் துறைமுகத்தில் முப்பது ரூபாய்ச் சம்பள எழுத்தர் வேலை ஆகியவை அவை. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டியுடன் கடிதத் தொடர்பு ஏற்பட்ட பிறகு, 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் பட்டமில்லாத அம்மனிதருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. இராமானுஜன் 1920இல் மறைந்தார். பதினெட்டு வயது முதல் இருபத்தைந்து வயது வரையிலான அவருடைய வளமான ஆண்டுகள் வீணானதே உண்மையான இழப்பு என்று ஹார்டி பின்னர் வருந்தி எழுதினார்.

இராமானுஜனுக்காக வருந்த ஹார்டி இருந்தார். அதே ஆண்டுகளில் எஃப்.ஏ. தேர்வில் தோற்று ஊர் திரும்பிய மற்ற மாணவர்களுக்காக வருந்தியவர் யார்?

'வீணாதல்' என்ற சொல்

நம் நாட்டில் இச்சிக்கல் முதலில் ஒரு கணக்குப் பிரச்சினையாகவே பார்க்கப்பட்டது. 1929இல் சர் பிலிப் ஹார்டாக் தலைமையிலான குழு இந்தியக் கல்வியைப் பற்றி ஓர் அறிக்கை தந்தது. தொடக்கப் பள்ளிகளைப் பற்றிப் பேசும்போது அக்குழு இரண்டு சொற்களைக் கையாண்டது. படிப்பை முடிக்காமல் பிள்ளை நின்றுவிடுவது 'வீணாதல்'. ஒரே வகுப்பில் ஓராண்டுக்கு மேல் தங்கிவிடுவது 'தேக்கம்'. அன்றிலிருந்து இந்தியக் கல்வி அறிக்கைகளில் இவ்விரு சொற்களும் இணைபிரியாமல் வந்துகொண்டிருக்கின்றன.

'வீணாதல்' என்பது பொருளாதார நோக்கில் பிறந்த சொல். அரசு செலவிட்ட பணம் வீணாயிற்று என்பதே அதன் முதற்பொருள். யாருடைய வாழ்க்கை வீணாயிற்று, எதனால் வீணாயிற்று என்பவற்றை அச்சொல் தனக்குள் கொண்டிருக்கவில்லை.

விடுதலைக்குப் பின் 1948இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு ஒரு படி முன்னே சென்றது. அது 1949இல் அளித்த அறிக்கை, தேர்வுகளில் பெருந்தொகையான மாணவர் தோற்பதைக் கவலையோடு சுட்டியது. பல்கலைக்கழகக் கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தம் சொல்லச் சொன்னால் தேர்வு முறையைத் திருத்துவதையே சொல்வோம் என்ற கருத்தையும் அது வெளியிட்டது. குற்றம் மாணவனிடம் மட்டும் இல்லை, முறையிலும் இருக்கிறது என்ற எண்ணம் இங்கே தலைகாட்டுகிறது.

ஆயினும் பழைய வழக்கம் எளிதில் மாறவில்லை. பள்ளி இறுதி வகுப்புக்கும் பட்டப்படிப்புக்கும் இடையே கல்லூரியில் ஓராண்டுப் புகுமுக வகுப்பு இருந்த காலத்தை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதுவரை தமிழில் படித்த கிராமத்து மாணவன், அந்த ஓராண்டுக்குள் ஆங்கில விரிவுரை, ஆய்வுக்கூடம், விடுதி வாழ்க்கை எல்லாவற்றையும் பழகிக்கொண்டு தேர்வும் எழுத வேண்டும். 1978இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி வந்தபோது அந்த வகுப்பு மறைந்தது. பின்னர்ப் பருவத்தேர்வு முறை பரவியது. ஒரு தாளில் தோற்றாலும் மேலே படிக்கலாம் என்ற வசதி அதனால் வந்தது. 'அரியர்' என்ற சொல்லும் வீட்டுக்கு வீடு பழகிப்போனது. இராமானுஜனை வெளியேற்றிய விதி தளர்ந்துவிட்டது உண்மையே. ஆனால் மூன்று ஆண்டுகளும் வகுப்பில் இருந்துவிட்டு, அரியர்களைத் தீர்க்காமல் பட்டமின்றி வெளியேறுவது என்ற புது வகை இடைநிற்றல் அதனோடு பிறந்தது.

பள்ளியில் கற்ற பாடம்

கல்லூரிகளுக்கு முன்பே நம் பள்ளிகள் இவ்விஷயத்தில் ஒரு பெரிய உண்மையைக் கண்டறிந்துவிட்டன. சென்னை மாநகராட்சி 1920இல், சர் பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியொன்றில் மாணவருக்கு உணவு வழங்க முற்பட்டது. 1956இல் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது மதிய உணவுத் திட்டம் மாநில அளவில் வேர்விட்டது. 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது.

இத்திட்டங்களுக்குப் பின்னாலிருந்த சிந்தனை எளியது. பிள்ளை பள்ளிக்கு வராததற்குக் காரணம் அறிவுக்குறை என்று எண்ணாமல், வர முடியாமல் தடுப்பது எது என்று பார்த்தார்கள். பசி என்று கண்டார்கள். அதை நீக்கினார்கள்.

கல்லூரி மாணவனைப் பற்றி அதே கேள்வியைக் கேட்க நமக்கு நீண்ட காலம் பிடித்தது. வளர்ந்த பிள்ளைதானே, அவன் பாடு அவனுக்கு என்று விட்டுவிட்டோம்.

துர்க்கைமிலிருந்து டின்ட்டோ வரை

அக்கேள்வி அமெரிக்காவில் 1970களில் கூர்மை பெற்றது. அங்கேயும் அதுவரை, படிப்பை விட்டவன் திறமையற்றவன் அல்லது உறுதியற்றவன் என்ற எண்ணமே நிலவியது. 1970இல் வில்லியம் ஸ்பேடி என்ற ஆய்வாளர் ஒரு புதிய பார்வையை முன்வைத்தார். பிரெஞ்சுச் சமூகவியலறிஞர் எமில் துர்க்கைம் 1897இல் தற்கொலையைப் பற்றி எழுதிய நூலில், மனிதனைச் சமூகத்தோடு பிணைக்கும் கட்டுகள் தளரும்போதே அவன் அதிலிருந்து விலகுகிறான் என்று காட்டியிருந்தார். கல்லூரியும் ஒரு சிறு சமூகமே. அதனுடன் பிணைப்பு ஏற்படாத மாணவன் அதை விட்டு விலகுகிறான் என்று ஸ்பேடி கருதினார்.

இக்கருத்தை விரித்து முழுக் கோட்பாடாக்கியவர் வின்சென்ட் டின்ட்டோ. 1975இல் அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையும், 1987இல் வந்த 'லீவிங் காலேஜ்' (கல்லூரியை விட்டகலுதல்) என்ற நூலும் இத்துறையின் அடிப்படை நூல்களாக மதிக்கப்படுகின்றன. மாணவன் இரண்டு வழிகளில் கல்லூரியோடு இணைய வேண்டும் என்கிறார் டின்ட்டோ. ஒன்று, பாடங்களோடும் ஆசிரியரோடும் ஏற்படும் இணைப்பு. மற்றொன்று, உடன் படிப்பவர்களோடும் கல்லூரி வாழ்க்கையோடும் ஏற்படும் இணைப்பு. இரண்டும் தளர்ந்தால், நல்ல மதிப்பெண் பெறுபவனும் நின்றுவிடக்கூடும். முதலாண்டு, அதிலும் தொடக்க வாரங்கள், மிகவும் முக்கியமானவை.

இக்கோட்பாட்டை எல்லாரும் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. 1992இல் வில்லியம் டியர்னி என்பவர் ஒரு வலுவான மறுப்பை எழுதினார். கல்லூரியோடு இணை என்று சொல்வது, ஒடுக்கப்பட்ட சமூகத்து மாணவனிடம் உன் வீட்டையும் வழக்கத்தையும் விட்டு வா என்று சொல்வதாகாதா என்று அவர் கேட்டார். நமக்கு இது முக்கியமான கேள்வி. ஓமலூர்ப் பக்கத்து மாணவன் மாலையில் வீடு திரும்பித் தறியில் நூல் இழைக்க வேண்டியவன். அவன் பேசும் தமிழும் உடுத்தும் உடையும் கல்லூரியில் கேலிக்கு உள்ளானால், எந்தப் பக்கம் இணைவான்? மாணவன் கல்லூரிக்கு ஏற்ப மாறுவது போலவே கல்லூரியும் மாணவனுக்கு ஏற்ப மாற வேண்டும் என்ற கருத்து இவ்விவாதத்தில் வலுப்பெற்றது. டின்ட்டோவே 2012இல் எழுதிய 'கம்ப்ளீட்டிங் காலேஜ்' (கல்லூரியை முடித்தல்) என்ற நூலில் கல்லூரி செய்ய வேண்டியதையே மையமாக வைத்தார். மாணவனிடம் உயர்ந்த எதிர்பார்ப்பு, தேவையான உதவி, அவன் நிலையை அவ்வப்போது மதிப்பிட்டு அவனுக்கே உடனுக்குடன் சொல்லுதல், அவனைச் செயலில் ஈடுபடுத்துதல் ஆகிய நான்கையும் அவர் வற்புறுத்துகிறார்.

இந்நான்கையும் கும்பகோணத்து மாணவரின் கதையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எதிர்பார்ப்பு இருந்தது. மற்ற மூன்றும் இல்லை.

கணக்கு வகுப்பில் ஒரு கண்டுபிடிப்பு

கோட்பாடு ஒருபுறம் வளர, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன் என்ற இளம் கணித ஆசிரியர் 1970களில் வேறொரு வழியில் ஆராய்ந்தார். அங்கே நுண்கணித வகுப்பில் கறுப்பின மாணவர் பலர் தோற்றனர். சீன வம்சாவழி மாணவர் நன்கு தேறினர். காரணம் என்ன என்று ஆசிரியர்களைக் கேட்டார். ஊக்கமில்லை, அடிப்படை போதாது, குடும்பத்தில் ஆதரவில்லை, வறுமை என்று விடைகள் வந்தன. நம் ஊரில் கேட்டாலும் இந்த விடைகளே வரும்.

டிரைஸ்மன் இவற்றை நம்பிவிடாமல் நேரில் சென்று பார்த்தார். மாணவர் எங்கே படிக்கிறார்கள், எப்படிப் படிக்கிறார்கள் என்று மாதக்கணக்கில் கவனித்தார். சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்றும் உண்மையை விளக்கவில்லை. கறுப்பின மாணவர்கள் உழைத்தார்கள். ஆனால் தனியாக உழைத்தார்கள். ஒரு கணக்கு வராவிட்டால், தனக்குத்தான் வரவில்லை என்று நினைத்தார்கள். சீன மாணவர்கள் தனியாகப் படித்தபின் கூடி அமர்ந்து, ஒருவர் விடையை மற்றவர் சரிபார்த்தார்கள். ஐந்து பேருக்கும் வராத கணக்கு கடினமான கணக்கு என்று அவர்களுக்குத் தெரிந்தது.

இதன்மேல் டிரைஸ்மன் கூட்டுப் பயிற்சி வகுப்புகளை அமைத்தார். அவை 'பின்தங்கியோர் வகுப்பு' என்று பெயரிடப்படவில்லை. அங்கே கொடுத்தவை எளிய கணக்குகளும் இல்லை. வகுப்பில் வருவதைவிடக் கடினமானவை. மாணவர் குழுவாக அமர்ந்து அவற்றோடு போராடினார்கள். அவர்களுடைய தேர்ச்சி வெகுவாக உயர்ந்தது. இதைப் பற்றி 1992இல் அவர் எழுதிய கட்டுரை எளிய நடையில் அமைந்தது. கணக்கு ஆசிரியர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டியது.

இதற்குப் பணச் செலவு அதிகமில்லை. ஒரு காலி வகுப்பறை, பத்துக் கடினமான கணக்குகள், வாரம் இரண்டு மாலை வேளைகள் இருந்தால் போதும். நம் பக்கத்து மாணவருக்குக் கடைசிப் பேருந்தைப் பற்றிய கவலை உண்டு. ஆகவே மாலைக்குப் பதில் நண்பகல் இடைவேளையை வைத்துக்கொள்ளலாம்.

மொழி என்னும் வாயில்

நம் மாணவனைத் தனிமைப்படுத்துவதில் மொழிக்கும் பங்குண்டு. பன்னிரண்டாம் வகுப்பு வரை 'விசை', 'முடுக்கம்', 'மின்தடை' என்று படித்தவன், கல்லூரியில் அதே பொருள்களை வேறு பெயரில் கேட்கிறான். அவனுக்குத் தெரிந்த இயற்பியலே தெரியாத இயற்பியலாகத் தோன்றுகிறது. வாய் திறந்து ஐயம் கேட்க அஞ்சுகிறான். டிரைஸ்மன் கண்ட தனிமை இங்கே வேறு உருவில் நிற்கிறது.

இதை உணர்ந்து 1960இல் கோவை அரசினர் கலைக் கல்லூரியில் பட்டப்படிப்பைத் தமிழில் கற்பிக்கும் முயற்சி தொடங்கியது. பின்னர்த் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் கல்லூரிப் பாடங்களுக்கான தமிழ் நூல்களை வெளியிட்டது. யாழ்ப்பாணத்தில் இதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே மருத்துவர் சாமுவேல் கிரீன் மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கி மாணவருக்குக் கற்பித்திருந்தார். தமிழில் படிப்பதா, ஆங்கிலத்தில் படிப்பதா என்ற விவாதத்தை இங்கே எழுப்ப வேண்டியதில்லை. முதற்பருவத்தில் ஆசிரியர் ஒவ்வொரு கலைச்சொல்லையும் இரு மொழியிலும் கரும்பலகையில் எழுதினாலே, பழைய அறிவுக்கும் புதிய பாடத்துக்கும் ஒரு பாலம் கிடைக்கும்.

பேருந்துச் சலுகையும் ஆலோசகரும்

2007இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் தன் ஈராண்டுக் கல்லூரிகளில் ஒரு திட்டம் தொடங்கியது. அதில் சேர்ந்த ஏழை மாணவருக்குக் கட்டணக் குறையை ஈடுசெய்தார்கள். பாடநூலுக்கு உதவினார்கள். நகரப் போக்குவரத்துக்கு இலவசச் சீட்டு கொடுத்தார்கள். இவற்றோடு, குறைந்த எண்ணிக்கை மாணவரை மட்டுமே கவனிக்கும் ஆலோசகர் ஒருவரையும் தந்தார்கள். மாணவர் அவரை அடிக்கடி சந்தித்தாக வேண்டும். குலுக்கல் முறையில் மாணவரை இரு பிரிவாக்கி மூன்று ஆண்டுகள் கவனித்தபோது, திட்டத்தில் இருந்தவர்களில் 40 விழுக்காட்டினர் பட்டயம் முடித்தார்கள். திட்டத்தில் இல்லாதவர்களில் முடித்தோர் 22 விழுக்காடு. கல்வி ஆராய்ச்சியில் இவ்வளவு பெரிய வேறுபாடு அரிதாகவே கிடைக்கும்.

அட்லாண்டாவிலுள்ள ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் 2011இல் வேறொன்று செய்தது. கட்டணத்தில் சிறு பாக்கி வைத்திருப்பதாலேயே பெயர் நீக்கப்படவிருந்த மாணவரைத் தானே தேடிப் பிடித்து, அந்தச் சிறு தொகையை உதவியாகக் கொடுத்தது. 1905இல் கும்பகோணத்தில் நடந்ததற்கு இது நேர் எதிரானது.

தமிழ்நாட்டில் பேருந்துச் சலுகை புதிதன்று. முதல் பட்டதாரி சான்றிதழுக்குக் கட்டணச் சலுகை உண்டு. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவியர் கல்லூரியில் தொடர்ந்தால் மாதம் 1000 ரூபாய் தரும் 'புதுமைப் பெண்' திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவருக்கான 'தமிழ்ப் புதல்வன்' 2024 ஆகஸ்டில் வந்தது. இத்தொகை சேரும்போது ஒருமுறை கொடுத்து முடிவதன்று. படிப்பில் இருக்கும் வரை மாதந்தோறும் வருவது. இதுவே அதன் சிறப்பு. ஆனால் நியூயார்க்கில் பணத்தோடு ஓர் ஆளும் இருந்தார் என்பதை நினைவில் கொள்க. மாணவன் மூன்று நாள் வராவிட்டால் ஏன் என்று கேட்பதற்கு ஒருவர் வேண்டும்.

ஒரு மணி நேர வாசிப்பு

கடைசியாக ஒரு சோதனை. கிரிகரி வால்ட்டன், ஜெஃப்ரி கோஹன் என்ற இரு உளவியலறிஞர்கள் 2011இல் 'சயன்ஸ்' இதழில் இதை வெளியிட்டார்கள். முதலாண்டு மாணவர் சிலருக்கு, மூத்த மாணவரின் அனுபவங்களைப் படிக்கக் கொடுத்தார்கள். நானும் தொடக்கத்தில் இங்கே எனக்கு இடமில்லை என்று நினைத்தேன், எல்லாருக்குமே அப்படித்தான் இருந்தது, நாளடைவில் சரியாயிற்று என்பதே அவற்றின் சாரம். படித்தபின் தம் அனுபவத்தையும் எழுதச் சொன்னார்கள். எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம். அடுத்த மூன்று ஆண்டுகளில் அந்தக் கறுப்பின மாணவரின் மதிப்பெண் உயர்ந்தது. வெள்ளை மாணவருக்கும் அவர்களுக்கும் இடையே இருந்த இடைவெளி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

இதை மந்திரம் என்று நினைத்துவிடக் கூடாது. நல்ல ஆசிரியரும் உதவியும் உள்ள இடத்தில்தான் இத்தகைய வாசிப்பு வேலை செய்யும். ஆயினும், தடுமாற்றம் தன் குறைபாடு என்று நம்புகிற மாணவனுக்கு, அது எல்லாருக்கும் வரும் பருவம் என்று தெரிவது எவ்வளவு பெரிய துணை என்பதை இச்சோதனை காட்டுகிறது.

எதைப் படிப்பது?

முதல்வருக்கும் நிர்வாகிக்கும் டின்ட்டோவின் 2012ஆம் ஆண்டு நூலைச் சொல்வேன். அதன் பிறகு, விருப்பமுள்ளோர் 1987ஆம் ஆண்டு நூலுக்கும் டியர்னியின் மறுப்புக்கும் போகலாம். ஆசிரியருக்கு டிரைஸ்மனின் கட்டுரை. அதனோடு, ஆர்தர் சிக்கரிங், செல்டா காம்சன் இருவரும் 1987இல் வெளியிட்ட, நல்ல கற்பித்தலுக்குரிய ஏழு நெறிகள் பற்றிய சிறு கட்டுரையும் உதவும். மாணவரோடு பழகுதல், கூட்டாகக் கற்பித்தல், விடைத்தாளைத் தாமதமின்றித் திருத்தித் தருதல் முதலிய நெறிகளை அது எளிதாக விளக்குகிறது. கல்லூரி மாணவருக்குள் என்னென்ன மாற்றங்களை விளைக்கிறது என்று விரிவாக அறிய விரும்புவோர் அலெக்சாண்டர் ஆஸ்டினின் நூல்களைப் பார்க்கலாம். நம் நாட்டு நிலைக்கு, இராதாகிருஷ்ணன் குழுவின் அறிக்கையை இன்றும் பயனுடன் படிக்கலாம்.

இவற்றைவிட முதன்மையான நூல் ஒன்று நம் கல்லூரிகளிலேயே இருக்கிறது. அதுதான் வருகைப் பதிவேடு. 2021–22ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் கணக்கெடுப்பின்படி, உயர்கல்வியில் மொத்தச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47. இந்தியா முழுமைக்கும் 28.4. நாம் பெருமைப்படத்தக்க எண்தான். ஆனால் அது உள்ளே வந்தவர் கணக்கு. முடித்துச் சென்றவர் கணக்கு அன்று. ஒரு துறையில் 60 பேர் சேர்ந்து, மூன்றாண்டு கழித்து 42 பேர் பட்டம் பெறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மற்ற 18 பேர் எந்த மாதத்தில் நின்றார்கள், எந்த ஊரிலிருந்து வந்தவர்கள், எந்தத் தாளில் முதலில் தோற்றார்கள் என்பதெல்லாம் அப்பதிவேட்டிலும் மதிப்பெண் பட்டியலிலும் எழுதப்பட்டே இருக்கின்றன. ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டும். பாதிப் பேர் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இடையில் நின்றிருந்தால், அக்கல்லூரி அக்டோபரில் விழித்துக்கொள்ள வேண்டும் என்பது தெளிவு.

இன்னொரு நூலை இனி நாமே எழுத வேண்டும். சேலத்தில் 1857இல் தோன்றி, நகராட்சிக் கல்லூரியாக இருந்து, இன்று அரசு கலைக் கல்லூரியாக விளங்கும் பழைய நிறுவனம் இருக்கிறது. ஓமலூருக்கும் சேலத்துக்கும் இடையே, கருப்பூரில் 1966இல் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரியும், அதனருகே 1997இல் நிறுவப்பட்ட பெரியார் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. இவற்றிலும் இவற்றைச் சார்ந்த கல்லூரிகளிலும் படித்து முடித்த முதல் தலைமுறைப் பட்டதாரிகள் ஒவ்வோர் ஊரிலும் உள்ளனர். முதற்பருவத்தில் எந்தப் பாடம் விளங்கவில்லை, யாரிடம் போய்க் கேட்டோம், ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று எந்த நாளில் நினைத்தோம், எது நிறுத்தியது என்று ஆளுக்கு இரண்டு பக்கம் அவர்கள் தமிழில் எழுதித் தந்தால், கல்லூரிக்கு ஒரு சிறு நூல் ஆகும். சேர்க்கை நாளன்று அதைப் புது மாணவர் கையில் கொடுக்கலாம். அச்சுச் செலவு ஒரு விழாவின் பந்தல் செலவுக்குள் அடங்கிவிடும்.

இவ்வாசகர்களுள் கல்லூரிப் படிப்பை முடித்தவர் எவரேனும் இருந்தால், இன்றிரவே முதல் இரண்டு பக்கங்களை எழுதிப் பாருங்கள். அடுத்த ஜூலையில் ஓமலூர்ப் பேருந்து நிலையத்தில் நிற்கப் போகும் ஒரு பிள்ளைக்கு, பொங்கலுக்குப் பின்னும் அதே பேருந்தில் ஏற அது துணை செய்யக்கூடும்.